மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர்

போன வாரம் ஒருவர் வந்தார். வயது 46. மூன்று வகை பிரஷர் மாத்திரை, அதில் ஒன்று சிறுநீரை வெளியேற்றுவது. மூன்றும் முழு அளவில். ஒரு வேளைகூடத் தவறுவதில்லை. அப்படியும் 168/104. பழைய சீட்டுகளை நான் புரட்டிக்கொண்டிருந்த இரண்டு நிமிடத்தில், நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார்.

“ராத்திரி குறட்டை விடுவாரா?” என்று மனைவியைக் கேட்டேன்.

“நல்லாத் தூங்குவார் டாக்டர். படுத்த உடனே குறட்டைதான். நான்தான் பக்கத்து ரூமுக்குப் போயிடுவேன்.”

“நடுவில் சத்தம் நின்று நின்று வருமா?”

கொஞ்சம் யோசித்தார். “ஆமா, திடீர்னு அமைதியாயிடும். அப்புறம் புரையேறின மாதிரி ஒரு சத்தத்தோட மறுபடி ஆரம்பிக்கும்.”

ஐந்து வருடமாகப் பிரஷருக்கு மருந்து சாப்பிடுகிறவர். இந்தக் கேள்வியை அவரிடம் யாருமே கேட்டதில்லை. இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது ஆள் இவர்.

தயவுசெய்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: குறட்டை விடுகிறவர் நன்றாகத் தூங்குகிறார் என்று அர்த்தமே இல்லை. குறுகிப்போன தொண்டைக்குள் காற்று முட்டி மோதி நுழைகிற சத்தம் அது. குறட்டை விடுகிற எல்லோருக்கும் நோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இடையில் வருகிற அந்த அமைதி இருக்கிறதே, “அப்பாடா, நிம்மதியாகத் தூங்குகிறார்” என்று வீட்டில் நினைக்கிற அந்த நேரம், அப்போதுதான் தொண்டை அடைத்து மூச்சு நின்றிருக்கிறது. குறைந்தது 10 விநாடி. சிலருக்கு அரை நிமிடத்துக்கும் மேல். மூளை உலுக்கினால்தான் மறுபடி மூச்சு வரும். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. தூக்கத்தில் வரும் இந்த மூச்சடைப்புக்கு ‘ஸ்லீப் அப்னியா’ என்று பெயர். இப்படி மணிக்கு 30 தடவை அடைத்தால் தீவிர நிலை என்கிறோம். ஏழு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 210 தடவை. அவர் தூங்கவில்லை, படுத்திருந்தார், அவ்வளவுதான்.

ஒவ்வொரு அடைப்புக்கும் பிரஷர் எகிறும். தூக்கத்தில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இவர்களில் பலருக்கு இறங்குவதில்லை. பகலில் ஒரு தடவை கையில் பட்டை கட்டிப் பார்த்தால் இது தெரியாது, 24 மணி நேரப் பதிவில்தான் தெரியும். இந்த மூச்சடைப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிரஷருக்கான காரணங்களில் ஒன்றாக 2003-லேயே அமெரிக்க வழிகாட்டி இதைச் சேர்த்துவிட்டது. நான்காவது மாத்திரை எழுதும் முன் தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள்.

குண்டாக இருப்பவர்களுக்குத்தானே என்று விட்டுவிடாதீர்கள். எடை பெரிய காரணம்தான். ஆனால் கீழ்த்தாடை சிறியதாக உள்ள ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வருகிறது. அவர்கள் குறட்டையைவிட அசதி, தூக்கமின்மை என்றுதான் சொல்வார்கள், அதனாலேயே தவறவிடுகிறோம். காலைத் தலைவலி, இரவில் பல முறை சிறுநீருக்கு எழுவது, பகல் தூக்கம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மது தொண்டையை இன்னும் தளர்த்தும், விடுங்கள். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். எடையைக் குறையுங்கள். கண் சொருகும்போது வண்டி ஓட்டவே கூடாது. ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சைப் பதிவு செய்யும் பரிசோதனை, எழுதித் தந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தந்து தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் சிபாப் மெஷின் தந்தால் தினமும் இரவு முழுக்கப் போடுங்கள், நான்கு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. சராசரியாக அது பிரஷரை 2, 3 புள்ளிதான் குறைக்கும். மருந்துக்கு அடங்காதவர்களுக்குக் கூடுதலாகக் குறைகிறது. ஆகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாஸ்க் உறுத்தினால் எங்களிடம் வாருங்கள், வேறு அளவு பார்க்கலாம். மெஷினை மட்டும் அலமாரியில் பூட்டி வைத்துவிடாதீர்கள்.

அவருக்கு நான்காவது மாத்திரையும் எழுதினேன், 168-ஐ அப்படியே விட முடியாது. கூடவே ஸ்லீப் ஸ்டடியும் எழுதினேன். “இன்று ஒரு ராத்திரி பக்கத்திலேயே இருந்து, போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கம்மா” என்றேன். மறுநாள் காலை கொண்டுவந்து காட்டினார். நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது, மூச்சுச் சத்தமே இல்லை. எண்ணிப் பார்த்தேன்: 38 விநாடி.