முழங்காலுக்குள் ஓயாத துப்புரவு

முட்டி வலி என்று போனால், எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு “தேய்மானம்” என்பார்கள். பேச்சு பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். செருப்பு தேய்வதுபோல முட்டியும் தேய்ந்துவிட்டது, இனி என்ன செய்ய என்று கேட்பவருக்கும் மனசு விட்டுப்போகும். இந்தச் சொல்மேல் எனக்கு நெடுநாளாகவே வருத்தம் உண்டு. செருப்பு தேயும், வீங்குமா? முட்டி வீங்குகிறது, சில நாள் லேசாகச் சுடவும் செய்கிறது. அப்படியென்றால் உள்ளே உயிருள்ள ஏதோ ஒன்று வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதாவது, தேய்கிற பொருளுக்கு வலி தெரியாது. வலியை உணர்வது முக்கியமாக அதற்கு அடியில் இருக்கும் எலும்பும், மூட்டை உள்பக்கமாகப் போர்த்தியிருக்கும் சைனோவியம் என்ற சவ்வும்தான்.

இந்தச் சவ்வின் உள்வரிசை நல்ல மூட்டில் நான்கு செல் கனம்கூடத் தாண்டாது. அதில் இரண்டு வகைச் செல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு வகை, மூட்டுக்கு வழவழப்பு தரும் ஹயலுரோனிக் அமிலத்தைச் சுரக்கிறது. இன்னொன்று மேக்ரோஃபேஜ், அதாவது விழுங்கும் செல். 1882-இல் மெசினாவில், நட்சத்திர மீனின் லார்வாவுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்து, மறுநாள் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருப்பதை ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகாஃப் கண்டார். அதே குடும்பம்தான் நம் முட்டிக்குள்ளும் குடியிருக்கிறது. அன்றாடம் உதிரும் துகளையும் செத்த செல்லையும் சத்தமில்லாமல் விழுங்கித் தீர்ப்பது இவற்றின் வேலை.

சிக்கல் தொடங்குவது துகள் அதிகமாகும்போது. ஒரு தசைநார் அறுந்திருக்கலாம், எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் தட்டு கிழிந்திருக்கலாம், வயதும் எடையும் சேர்ந்திருக்கலாம். குருத்தெலும்பிலிருந்து கொலாஜன் துணுக்குகளும் மற்ற புரதத் துண்டுகளும் மூட்டு நீரில் கலக்கின்றன. கிருமியை அடையாளம் காண மேக்ரோஃபேஜ் தன் மேற்பரப்பில் வைத்திருக்கும் சில ஏற்பிப் புரதங்கள் இந்தத் துண்டுகளிடமும் போய் ஒட்டிக்கொள்கின்றன. கிருமி ஒன்றுகூட இல்லை, ஆனாலும் அபாயச் சங்கு ஊதியாகிவிட்டது. இன்டர்லூகின்-1, டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்கள், அதாவது செல்லுக்குச் செல் சேதி சொல்லும் புரதங்கள், சுரக்கின்றன. அந்தச் செய்தி குருத்தெலும்புக்குள் இருக்கும் செல்களுக்கும் போகிறது. அவை என்ன செய்கின்றன தெரியுமா? தாங்களே கட்டிய கொலாஜனை அறுக்கும் நொதிகளைச் சுரக்கத் தொடங்குகின்றன. அப்புறம் இன்னும் துகள், இன்னும் சங்கு. கூட்டக் கூட்டக் குப்பை சேருகிற வீடு மாதிரி.

டி செல்கள், மாஸ்ட் செல்கள், ரத்தத்தில் ஓடும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் என நோய் எதிர்ப்புப் படையின் மற்ற உறுப்பினர்கள் எல்லாமே இதில் கைகோக்கின்றன. ஆனாலும் இது முடக்குவாதம்போல உடலே மூட்டின்மேல் படையெடுக்கும் நோய் இல்லை. வீங்கிய முட்டியிலிருந்து ஊசியால் நீரை எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும்; சொட்டவிட்டால் நூல்போல இழுபடும். ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணுக்கள் பெரும்பாலும் 2,000-க்குள் அடங்கிவிடும். கிருமித் தொற்றுள்ள மூட்டில் அதுவே 50,000-ஐத் தாண்டுவது சகஜம், நீரும் சீழாகக் கலங்கியிருக்கும். தேய்மான மூட்டில் இருப்பது நீறு பூத்த நெருப்பு. வருடக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும்.

வலிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சவ்வில் அழற்சி இருக்கும்போது சுரக்கும் நரம்பு வளர்ச்சிக் காரணி, அங்குள்ள நரம்பு முனைகளை உசுப்பிவிடுகிறது. சாதாரணமாக எடுத்துவைக்கும் அடிகூடச் சுருக்கென்கிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், தூண்டப்பட்ட மேக்ரோஃபேஜ்களில் போய் ஒட்டும் கதிரியக்கக் குறிப்பானை 25 நோயாளிகளுக்குச் செலுத்திப் படமெடுத்தார்கள். 76 சதவீத முழங்கால்களில் அந்தச் செல்கள் தென்பட்டன. அவை கூடுதலாக இருந்த இடத்தில் வலியும் கூடுதல்.

எடை விஷயத்துக்கும் இங்கே ஒரு பதில் கிடைக்கிறது. பாரம்தான் முட்டியைக் கெடுக்கிறது என்றால், பருமனானவர்களுக்கு விரல் மூட்டுகளிலும் இந்த நோய் ஏன் அதிகமாக வருகிறது? விரலால் யாரும் நடப்பதில்லையே. கொழுப்புத் திசு சும்மா இருப்பதில்லை. அதுவும் அழற்சிப் புரதங்களை ரத்தத்தில் விடுகிறது. முட்டிச் சிப்பிக்குக் கீழேயே ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது, அதற்குள்ளும் மேக்ரோஃபேஜ்கள்.

சரி, இந்தச் செல்களை ஒழித்துவிட்டால் தீர்ந்ததா? பருமனான எலிகளில் செய்துபார்த்தார்கள். அழற்சி கூடியது; மேக்ரோஃபேஜ் இல்லாத இடத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களும் டி செல்களும் வந்து குவிந்தன. துப்புரவு செய்பவரை விரட்டினால் குப்பை எங்கே போகும்? ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைத் தணிக்கும், உண்மைதான். ஆனால் 12 வாரத்துக்கு ஒருமுறை, 2 ஆண்டுகள் போட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், வெறும் உப்பு நீர் ஊசியைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகக் கரைந்தது. இது 2017-இல் வெளியானது. டிஎன்எஃப்பைத் தடுக்கும் மருந்துகளும் இந்த நோயில் பெரிதாக உதவவில்லை.

நம்பிக்கை தந்த ஒரு தகவல் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மாரடைப்பு வந்தவர்கள் சுமார் 10,000 பேருக்கு இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் மருந்தைக் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. நோக்கம் இதயம்தான். பிறகு அதே தரவை எடுத்து, எத்தனை பேர் முழங்கால், இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் போனார்கள் என்று கணக்கிட்டார்கள். மருந்து வாங்கியவர்களிடம் அந்த விகிதம் 40 சதவீதத்துக்கும் மேல் குறைவாக இருந்தது. முட்டிக்காக வடிவமைத்த ஆய்வு இல்லை என்பதால் இதை வைத்து யாருக்கும் மருந்து எழுதிவிட முடியாது. இப்போது ஆய்வகங்களில் தேடுவது, மேக்ரோஃபேஜைக் கொல்லாமல், சங்கு ஊதுவதை நிறுத்தி மறுபடி விழுங்கும் வேலைக்குத் திருப்பும் வழியைத்தான்.