நடந்தாள், பேசினாள், நினைவு மட்டும் பதியவில்லை

குடித்திருந்த ஒரு பெண்ணைப் பற்றி வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "அவள் தானாகத்தான் எழுந்து போனாள், சிரித்துப் பேசினாள், கூப்பிட்டதற்கு 'சரி' என்றாள் என்கிறார்கள். அவளோ எதுவுமே ஞாபகம் இல்லை என்கிறாள். அப்படியென்றால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதானே அர்த்தம்?"

அவசியமில்லை. அவள் நடந்ததும் உண்மையாக இருக்கலாம், அவளுக்கு ஞாபகம் இல்லாததும் உண்மையாக இருக்கலாம். குடித்து நினைவிழந்து விழுவது ஒன்று. விழித்தபடியே இருந்தும் நினைவு பதியாமல் போவது வேறொன்று. இரண்டாவதைத்தான் பிளாக்அவுட் என்கிறார்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் குட்வினும் சகாக்களும் 1970-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைக் கண்முன்னே காட்டியது. குடிநோயாளிகள் சிலருக்குச் சில மணி நேரத்துக்குள் ஏராளமாக விஸ்கி கொடுத்தார்கள். இடையிடையே மறக்க முடியாத காட்சிகளையும் காட்டினார்கள். "பசிக்கிறதா?" என்று கேட்டு, மூடிய வாணலியைத் திறந்து காட்டினால், உள்ளே செத்த எலிகள்! 2 நிமிடம் கழித்துக் கேட்டால் எலியைப் பற்றிச் சொன்னார்கள். 30 நிமிடம் கழித்துக் கேட்டால் சிலருக்கு அந்த வாணலியே ஞாபகத்தில் இல்லை. கரும்பலகையில் இருப்பதை வாசிக்க முடிகிறது, ஆனால் நோட்டில் எழுதுவதற்குள் பலகை அழிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் எழுதும் வேலை மூளையில் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியுடையது. அங்குள்ள நரம்பணுக்களின் மேல் என்எம்டிஏ என்று ஒரு புரத வாயில் இருக்கிறது. எனக்கு இந்த வாயில் மேல் தனிப் பிரியம் உண்டு. குளூட்டமேட் என்ற சமிக்ஞை வேதிப்பொருள் வந்து ஒட்டினால் மட்டும் இது திறக்காது, ஏனென்றால் நடுத் துளையை ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதே நேரத்தில் அந்த அணு ஏற்கெனவே ஓரளவு தூண்டப்பட்டிருந்தால்தான் மின்னழுத்தம் மாறி மக்னீசியம் வெளியே தள்ளப்படும். உடனே கால்சியம் உள்ளே பாயும், நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்பு வலுப்படும். அதாவது, இரண்டு சங்கதிகள் ஒரே சமயத்தில் நடந்தன என்பதை ஒரு மூலக்கூறு சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறது! நினைவின் முதல் எழுத்து இப்படித்தான் விழுகிறது.

மது இந்த வாயிலை மந்தமாக்குகிறது, காபா என்ற அடக்கும் சமிக்ஞைக்கும் வலுவூட்டுகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2011-இல் எலி மூளைத் துண்டுகளை மதுவில் நனைத்துப் பார்த்தது. அணுக்கள் சாகவில்லை. ஆனால் தாங்களே சில ஸ்டீராய்டுகளைத் தயாரித்து, இணைப்பு வலுப்படுவதைத் தடுத்துக்கொண்டன. அந்தத் தயாரிப்பை மருந்து கொடுத்து நிறுத்தினால், மது இருந்தும் இணைப்பு வலுப்பட்டது. இப்படி அடிப்படையைத் தோண்டுகிற ஆய்வுகளுக்குப் பணம் கேட்டால்தான் "இதனால் என்ன பயன்?" என்று கேட்கிறார்கள்.

ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 160 மில்லிகிராம் மதுவை நெருங்கும்போது பிளாக்அவுட் சகஜமாகிறது. மொத்தம் எவ்வளவு குடித்தார் என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறியது என்பதே முக்கியம். வெறும் வயிறு, சிறிய உடல், மடமடவென்று குடிப்பது எல்லாமே அளவைச் சட்டென்று ஏற்றிவிடும். இறங்குவதோ மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான். காபியோ பச்சைத் தண்ணீர்க் குளியலோ அதைத் துரிதப்படுத்தாது.

சரி, பாலுறவுச் சம்மதத்துக்கு வருவோம். எதிரே இருப்பவர் பிளாக்அவுட்டில் இருக்கிறாரா என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. வாய் குழறுவது, தடுமாறுவது, ஐந்து நிமிடம் முன்பு கேட்டதையே திரும்பக் கேட்பது ஆகியவை தெரியும். விளைவுகளை எடைபோடும் மூளையின் முன்பகுதியும் அதே நேரத்தில் தளர்ந்திருக்கும். அந்த நிலையில் வரும் "சரி"யை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது. சந்தேகம் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டியதுதான், தெளிந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். "நானும்தான் குடித்திருந்தேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. போதையில்தான் மனதில் உள்ளது வெளிவரும் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அது சுத்த மூடநம்பிக்கை.

இனி, பானத்தில் கலப்பது. லோராசிபாம், ஃப்ளூனிட்ராசிபாம் போன்ற பென்சோடயசிபைன் வகைத் தூக்க மருந்துகளும் அதே காபா சமிக்ஞையை ஏற்கும் வாயிலில்தான் வேறோர் இடத்தில் ஒட்டுகின்றன. அறுவை சிகிச்சைக்கு முன் இதே வகை மருந்தான மிடாசோலம் கொடுப்பதற்கு, நோயாளிக்கு அந்த நேரம் நினைவில் தங்காது என்பதும் ஒரு காரணம். மதுவோடு சேர்ந்தால் விளைவு பன்மடங்கு. ஃப்ளூனிட்ராசிபாம் மாத்திரை பானத்தில் கரைந்தால் நீலம் தெரியும்படி ரோஷ் நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் மாற்றியமைத்தது. ஆனால் மருந்து ஒன்றா இரண்டா? பானத்தில் நனைத்துப் பார்க்கும் பரிசோதனைப் பட்டைகளும் சில மருந்துகளை மட்டுமே தேடுகின்றன. பட்டை நிறம் மாறவில்லை என்பதால் பானம் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. போதையில் இருப்பவரை வன்கொடுமை செய்யும் இப்படிப்பட்ட குற்றங்களில் மிக அதிகமாக அகப்படும் பொருளே மதுதான். அதற்கு இந்தப் பட்டைகள் எச்சரிக்காது!

கோப்பையை யாரிடமும் விடாதே என்று பெண்களுக்கு மட்டும் பாடம் நடத்துவது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம். பிரான்சில் ழிசேல் பெலிகோ என்ற பெண்ணுக்குப் பல ஆண்டுகள் மயக்க மருந்து கொடுத்து வன்கொடுமைக்கு ஆளாக்கியவர் சொந்தக் கணவர். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. அந்நியர் மேல் மட்டும் கண் வைத்தால் போதாது. அருகில் இருப்பவர்கள் குறுக்கிடுவதுதான் வேலை செய்யும். தள்ளாடும் ஒருத்தியை ஒருவன் தனியே கூட்டிப்போகிறான் என்றால், அவளிடம் நேரே போய் "வா, நான் வீட்டில் விடுகிறேன்" என்று சொல்லலாம், அல்லது அவனிடம் சும்மா பேச்சுக் கொடுத்து நேரத்தைக் கடத்தலாம். திடீரென்று அளவுக்கு மீறிய மயக்கம் வந்தால் தனியே விடாமல் மருத்துவ உதவி கேளுங்கள்.

ஏதோ நடந்திருக்கிறது என்று தோன்றினால் காலம்தான் எதிரி. பானத்தில் கலக்கப்படும் ஜிஎச்பி என்ற மயக்க மருந்து சிறுநீரில் சுமார் 12 மணி நேரத்துக்கு மேல் அகப்படாது, பென்சோடயசிபைன்களின் எச்சம் சில நாட்கள் இருக்கும். ஆகவே முதல் சிறுநீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, குளிக்காமல், உடை மாற்றாமல் மருத்துவமனைக்குப் போவது நல்லது. தாமதமாகிவிட்டாலும் போகலாம். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். சில வாரங்கள் கழித்து வேரோடு ஒட்டி வெட்டிய முடியைத் துண்டு துண்டாகச் சோதித்தால் சில மருந்துகள் எந்த மாதத்தில் உள்ளே போயின என்பதுகூடத் தெரியவரும்.