எந்த ஒயரும் அறுந்துபோகவில்லை

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். பையனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. விரல் நீட்டி எதையும் காட்டியதில்லை. ஒன்றரை வயதில் சொன்ன இரண்டு மூன்று சொல்லும் நின்றுவிட்டது. ஆட்டிசமாக இருக்குமோ என்று யோசிக்க வைக்கும் அறிகுறிகள். எப்போது கவனித்தீர்கள் என்றேன். "ஒரு வருஷமாச்சு டாக்டரம்மா. ஒளியை வச்சு மூளையைப் படம் எடுக்கிறாங்களாம்ல? எந்த ஒயரு கட்டாயிருக்குன்னு பார்த்துட்டு வைத்தியத்தை ஆரம்பிக்கலாம்னு இருந்தோம்" என்றார் அப்பா. யூடியூப் உபயம். இந்த மாதத்தில் இது நான்காவது குடும்பம்.

அந்தக் கருவி பொய்யில்லை. செல்போன் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் கை சிவப்பாக ஒளிரும், பிள்ளைகள் செய்து பார்த்திருப்பார்கள். சிவப்பை ஒட்டியுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி எலும்பையும் ஓரளவு கடக்கும். ஆக்சிஜன் ஏற்றிய ரத்தமும் இறக்கிய ரத்தமும் அதை வேறு வேறு அளவில் உறிஞ்சும். அதை வைத்து மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று கணிப்பார்கள். 1977இல் யோப்சிஸ் என்ற ஆய்வாளர் தொடங்கிவைத்த வழி இது. தொப்பி மாதிரி மாட்டிவிட்டால் போதும், குழந்தை அம்மா மடியிலேயே இருக்கலாம், எம்ஆர்ஐயின் சத்தம் கிடையாது. ஆனால் மூளையின் மேற்பரப்பு மட்டும்தான் தெரியும்.

சரி, அந்த 'ஒயர்' விஷயத்துக்கு வருகிறேன். சித்திரைத் திருவிழாவில் அழகரை மதுரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் கூட்டம் ஏற ஏறக் கோரிப்பாளையத்திலும் ஏறும். இரண்டு இடத்திலும் தலைகளை மட்டும் எண்ணுகிறவர், நடுவில் உள்ள சாலையைப் பார்க்காமலே 'இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது' என்பார். இந்த ஆய்வுகளில் 'இணைப்பு' என்பது அந்த எண்ணிக்கைதான். மூளையின் இரண்டு பகுதிகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்ற கணக்கு. சேர்ந்து ஏறவில்லை என்பதற்காக நடுவில் பாலம் இடிந்துவிட்டது என்பீர்களா?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மூளையில் இடது நெற்றிப்பொட்டுப் பக்கமுள்ள பகுதியும் வலது நெற்றிப்பொட்டுப் பக்கமுள்ள பகுதியும் சேர்ந்து இயங்குவது சராசரியில் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சிலவற்றில் சில இடங்களில் இணைப்பு கூடுதலாக இருக்கிறது. வயது, தூக்கமா விழிப்பா, எந்த வேலை கொடுத்தார்கள் என்பதையெல்லாம் பொறுத்து மாறும். சராசரி என்ற சொல்லைத் தயவுசெய்து கவனியுங்கள். சராசரியில் ஆண்கள் பெண்களைவிட உயரம். அதற்காக ஐந்தடி நான்கங்குலம் என்று மட்டும் சொன்னால், அது ஆணா பெண்ணா என்று உங்களால் சொல்ல முடியுமா? உங்கள் பிள்ளையின் ஒரு படத்தை வைத்து ஆட்டிசம் என்றோ இல்லை என்றோ யாராவது எழுதிக் கொடுத்தால், பணத்தை பத்திரமாக வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

இன்னொன்று. கறுத்து அடர்ந்த முடி இந்த ஒளியைக் குடித்துவிடும். நம் ஊர்ப் பிள்ளைகளின் தலை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. தலையில் எதுவும் பட்டாலே அலறும் குழந்தைகள் தொப்பியைப் பிய்த்தெறிந்துவிடுவார்கள், அவர்களுடைய கணக்கு ஆய்விலேயே சேராது.

ஆட்டிசத்தைப் பார்த்துப் பழகித்தான் கண்டுபிடிக்கிறோம். ஸ்கேனில் அல்ல. வலிப்பு மாதிரி வேறு காரணம் இருந்தால் மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி, எம்ஆர்ஐ எழுதித் தருவோம். முதலில் காது கேட்கிறதா என்ற பரிசோதனை. அதைத்தான் யாரும் செய்துவிட்டு வருவதில்லை! "அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்" என்கிற அப்பத்தாக்களே, உங்களைக் கும்பிடுகிறேன், அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். அம்மா வேலைக்குப் போனதால் வந்தது என்று என் அறையில் யாரும் பேசக் கூடாது. சந்தேகம் வந்த வாரமே பயிற்சியைத் தொடங்கலாம், ஆட்டிசம்தான் என்று பெயர் வைக்கும் வரை நிற்க வேண்டியதில்லை. கையில் காசில்லை என்றால் பெரியாஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு, சான்றிதழ் வாங்க வெட்கப்படாதீர்கள்.

வரும்போது ஃபைல் கட்டு வேண்டாம். பிள்ளை வீட்டில் விளையாடும்போது, சாப்பிடும்போது, அடம்பிடிக்கும்போது எடுத்த வீடியோ ஐந்து நிமிடத்துக்கு இருந்தால் போதும். அப்பத்தாவையும் கூட்டி வாருங்கள்.