இழுத்தால் ஏன் ஜே/89 ஆகிறது?

யாழ்ப்பாணப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தின் செயலாளர் கேட்டிருக்கிறார்: "அங்கத்தவர் எல்லோரும் ஒரே கிராம அலுவலர் பிரிவு. முதல் கலத்தில் ஜே/88 என்று அடித்துவிட்டுக் கீழே இழுத்தேன். ஜே/89, ஜே/90 என்று ஏறிக்கொண்டே போகிறது. எக்செலுக்கு என்ன பிடித்தது?"

யாழ்ப்பாண மாவட்டத்தில் இருப்பதே 435 பிரிவுகள். பட்டியல் கொஞ்சம் நீளமாக இருந்தால் இல்லாத பிரிவிலும் ஆட்களைக் குடியேற்றிவிடும்!

எக்செலுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. கலத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தைப் பிடித்து இழுக்கும்போது, அது உங்கள் மனதில் இருப்பதை ஊகிக்கப் பார்க்கிறது. வெறும் 88 மட்டும் இருந்தால் அப்படியே பிரதி பண்ணும். எழுத்தோடு சேர்ந்து முடிவில் இலக்கம் வந்தால் வரிசை எண் என்று நினைத்து ஒவ்வொன்றாகக் கூட்டும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் இரண்டும் தலைகீழாகும்: 88 ஏறும், ஜே/88 அப்படியே நிற்கும். உங்களுக்குத் தேவை அதுதான்.

கிழமைகளும் மாதங்களும் தானாக வருவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் பட்டியல்கள். தை, மாசி, பங்குனி என்று நம் பட்டியலையும் அமைப்புகளில் ஒருமுறை சேர்த்துவிட்டால், மார்கழிக்குப் பிறகு தானாகத் தைக்குத் திரும்பும். திகதிகள் இன்னும் சுலபம். 1900 ஜனவரி 1 என்பது எக்செலுக்கு வெறும் 1. அடுத்த நாள் 2. ஆகவே திகதியை இழுப்பதும் எண்ணைக் கூட்டுவதுதான்.

மூன்று எண்களைக் கொடுத்தால் கதை மாறும். 1, 2, 4 என்று அடித்து மூன்றையும் தெரிவுசெய்து இழுத்துப் பாருங்கள். நாம் 8 வரும் என்று நினைப்போம், வருவது 5.333. மூன்று புள்ளிகளுக்கும் கூடியவரை நெருக்கமாகப் போகும் ஒரு நேர்கோட்டை எக்செல் வரைகிறது. இழிவு வர்க்க முறை என்று படித்திருப்பீர்கள். 1805இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாண்டர் இதை வெளியிட்டது வால்வெள்ளிகளின் பாதையைக் கணிப்பதற்காக. வால்வெள்ளி தெரிந்தால் நாட்டுக்கு ஆகாது என்று நம் ஆட்கள் கலங்கிய அதே வால்வெள்ளிகள்தான்.

ஆனால் எனக்கு ஆசை இதிலெல்லாம் இல்லை. 2013 பதிப்பில் வந்த ஃபிளாஷ் ஃபில்லில்தான்: ஒன்றிரண்டு உதாரணத்தை அடித்துக் காட்டினால் மீதிக் கலங்களைத் தானே நிரப்பும் வசதி. மைக்ரோசொஃப்ட் ஆய்வகத்தின் சுமித் குல்வானி, விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெண் எக்செலில் ஒரு சின்ன உதவி கேட்டபோது பதில் தெரியாமல் விழித்தாராம். அந்தக் கேள்வி விடவில்லை. அதற்கான விடை 2011இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

ஒரு நிரலில் ரசீது இலக்கங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். முதலாவது 12/2019/045. பக்கத்துக் கலத்தில் நீங்கள் 2019 என்று அடிக்கிறீர்கள். இதை எப்படி எடுத்தீர்கள்? முதலாவது சாய்கோட்டுக்கும் இரண்டாவதற்கும் இடையில் உள்ளதையா? நாலாம் எழுத்திலிருந்து ஏழாம் எழுத்து வரையா? இரண்டாவதாக வரும் எண்ணையா? அல்லது ரசீதைப் பார்க்காமலே 2019 என்று அடித்தீர்களா? போதாததற்கு 20ஐ ஓரிடத்திலும் 19ஐ இன்னோரிடத்திலும் எடுத்து ஒட்டியிருக்கவும் கூடும். ஒற்றை உதாரணத்துக்கே பொருந்தும் செய்முறைகள் மலைபோல் குவிகின்றன. பத்து எழுத்து விடை என்றால், அதைத் துண்டாக்கும் வழிகள் மட்டும் 512. ஒவ்வொரு துண்டையும் எடுக்கப் பல வழிகள். எல்லாவற்றையும் பெருக்கிக்கொண்டு போக வேண்டும்.

இத்தனையையும் எழுதிவைத்தால் கணினி திணறும். குல்வானியின் முறை அவற்றை எழுதிவைப்பதே இல்லை. விடையின் இரு முனைகளிலும் எழுத்துகளுக்கு இடையிலும் புள்ளிகள் வைத்து, எந்தப் புள்ளியிலிருந்தும் பின்னால் வரும் எந்தப் புள்ளிக்கும் ஒரு கோடு இழுக்கிறது. ஒவ்வொரு கோடும் ஒரு துண்டு. அந்தத் துண்டை எப்படியெல்லாம் எடுக்கலாம் என்பது கோட்டின் மேலேயே இருக்கும். பத்து எழுத்துக்கு 55 கோடுகள், அவ்வளவுதான். முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிக்குப் போகும் ஒவ்வொரு பாதையும் ஒரு செய்முறை. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வழிகளை ஒவ்வொன்றாக எழுதாமல் தெருப்படத்தை மட்டும் கையில் வைத்திருப்பது போல.

அடுத்த நிரை 3/2020/7. நாலிலிருந்து ஏழு வரை எடுத்தால் 020/ என்று அசிங்கமாக வரும். 2020 என்று நீங்கள் திருத்தினால் அதற்கும் அதே மாதிரிப் புள்ளியும் கோடுமாக ஒரு படம் வரைந்து, அதையும் பழைய படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, இரண்டிலும் நிற்பதை மட்டும் எடுக்கிறது. எழுத்தை எண்ணிய வழிகள் செத்தன. வெறும் 2019உம் செத்தது. மிஞ்சியவற்றில் எளிமையானது முதலில். இரண்டு உதாரணத்தில் இவ்வளவு சுருங்குகிறதே என்று நினைக்க இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும்.

உதாரணத்தைக் காட்டிச் செய்நிரலை எழுதவைப்பது பல பத்தாண்டுகளாகக் கோட்பாட்டு ஆட்களின் மூலையில் கிடந்த துறை. "இதனால் என்ன பயன்?" என்ற ஒரே கேள்வியோடு ஆய்வுக்குக் காசு ஒதுக்குபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, ஃபிளாஷ் ஃபில் எல்லாம் செய்யுமா? வெட்டும், ஒட்டும், கணக்குப் பார்க்காது. ரசீது இலக்கங்கள் இருந்த நிரலைப் பிறகு மாற்றினாலும் அது நிரப்பியது மாறாது. அங்கத்தவர் பட்டியலில் பழைய அடையாள அட்டை இலக்கம் இருந்தால் முதல் இரண்டு எண்களைக் காட்டுங்கள், பிறந்த ஆண்டை எல்லோருக்கும் நிரப்பிவிடும். பிறந்த நாள் வேண்டுமென்றால் சிக்கல். 85765 என்று தொடங்கும் இலக்கத்தில் 765 என்பது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதோடு பெண் என்பதற்கான 500உம் சேர்ந்தது. அந்த 500ஐக் கழிக்க நீங்களே சூத்திரம் எழுத வேண்டும். மிஞ்சும் 265, எல்லா ஆண்டிலும் மாசிக்கு 29 நாள் என்று வைத்து எண்ணுவதால், புரட்டாதி 21.