கவுண்டி ஜட்ஜ் கலெக்டர் இல்லை

இந்த வருஷம் இதே தப்புக்கணக்கோடு வந்த மூன்றாவது ஆள் இவர். டெக்சஸில் டாலஸுக்கு வடக்கே இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர் ஒருவர், என்னிடம்தான் கணக்குப் பார்க்கிறார். புதுக் கட்டடத்துக்கு அஸ்திவார கான்க்ரீட் போட்டு முடித்து, ஈரம் காயாத தரையை போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கேட்கிறார்: "சார், சிட்டி ஓகே சொல்லிட்டாங்க. கவுண்டி வரிச் சலுகையும் தானா வந்துடும்ல?"

வரவில்லை. "நீங்கள்தான் கட்டவே ஆரம்பித்துவிட்டீர்களே, அப்புறம் எதற்குச் சலுகை?" என்று கவுண்டியில் மரியாதையாகக் கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

நம் ஆட்கள் மனதில் ஒரு படம் அசையாமல் இருக்கிறது. கவுண்டி என்றால் மாவட்டம், கவுண்டி ஜட்ஜ் என்றால் கலெக்டர், சிட்டி அவருக்குக் கீழே இருக்கும் நகராட்சி, கீழே ஃபைல் நகர்ந்தால் மேலே கையெழுத்து விழும். சாமி, இங்கே மேலும் இல்லை, கீழும் இல்லை. டெக்சஸில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றிலும் நான்கு கமிஷனர்களும் கவுண்டி ஜட்ஜும் உட்காரும் சபைக்குப் பெயர் கமிஷனர்ஸ் கோர்ட். ஐந்து பேரும் ஓட்டு வாங்கி வந்தவர்கள். கோர்ட் என்ற பெயரைப் பார்த்து வக்கீலோடு போய் நின்றவரும் என் கிளையன்ட்தான். அங்கே பேசுவது பட்ஜெட்டும் சாலையும். அந்தச் சபை சிட்டி கவுன்சிலுக்கு உத்தரவு போட முடியாது, கவுன்சிலும் அதற்குப் போட முடியாது. இன்னும் சந்தேகமா? ஃபிரிஸ்கோவைப் பாருங்கள். ஒரே ஊர், ஒரு பக்கம் காலின் கவுண்டி, மறுபக்கம் டென்டன் கவுண்டி. எந்த "கலெக்டரிடம்" போவீர்கள்?

சொத்து வரி பில்லை எடுத்து வையுங்கள். சிட்டிக்கு ஒரு வரி, கவுண்டிக்கு ஒன்று, பள்ளி மாவட்டத்துக்கு (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு) ஒன்று, பல இடங்களில் கல்லூரிக்கு ஒன்று. மாநில வரிச் சட்டத்தின் 312ஆம் அத்தியாயப்படி ஒவ்வொருவரும் தங்கள் பங்கை மட்டும்தான் குறைக்க முடியும், அதுவும் அதிகபட்சம் 10 வருஷம், அதுவும் நீங்கள் புதிதாகக் கூட்டிய மதிப்புக்கு மட்டும். பள்ளி மாவட்டங்கள் 2001க்குப் பிறகு இந்த வழியில் குறைக்கவே முடியாது. பில்லில் பெரும்பாலும் பள்ளி வரிதான் பெரிய தொகை. "பத்து வருஷம் வரியே இல்லை" என்று பேங்கில் போய்ச் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

அப்படியானால் இரண்டு அரசும் சேர்ந்து வேலை செய்வதே இல்லையா? நன்றாகவே செய்கிறார்கள், நாம் நினைக்கிற மாதிரி அல்ல, அவ்வளவுதான். பல ஊர்களில் விற்பனை வரியில் ஒரு பங்கை ஒதுக்கிப் பொருளாதார வளர்ச்சிக்கென்றே தனிக் கழகம் வைத்திருக்கிறார்கள். கவுண்டி ஆபீசுக்கு போன் போட்டு உங்களுக்காகப் பேசுவது அங்கே இருக்கும் ஊழியர்தான். சிட்டி என்ன கொடுத்தது என்று பார்த்துவிட்டுத்தான் பல கவுண்டிகள் வாய் திறக்கும். சலுகை ஒப்பந்தம் போடுவதற்கு 7 நாளாவது முன்னால் சிட்டி மற்ற வரி அமைப்புகளுக்கெல்லாம் கடிதம் அனுப்ப வேண்டும். அது தகவல் கடிதம், சம்மதக் கடிதம் அல்ல. அந்த நகலைக் காட்டி "கவுண்டிக்கும் போயிருக்கே சார்" என்றவர்தான் இந்த வருஷத்தின் இரண்டாவது ஆள். கவுண்டியின் உதவி சில சமயம் வரிக் குறைப்பாகவே வராது, உங்கள் வாசலுக்கு வரும் சாலையாக வரும். லாரி ஓட்டுகிற தொழிலுக்கு அது இன்னும் நல்லது.

ஆகவே, நிலம் பதிவு செய்யும் முன்பே சிட்டி, கவுண்டி இரண்டு இடத்திலும் பேசுங்கள். இருவரின் சலுகை விதிமுறைகளையும் தனித்தனியாக வாங்கிப் படியுங்கள். அவற்றின் ஆயுள் 2 வருஷம்தான், நண்பர் கொடுத்த பழைய பிடிஎஃப் உதவாது. ஒப்பந்தத்தைப் பரிசீலிக்கும் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதனால் கான்ட்ராக்டரை அவசரப்படுத்தாதீர்கள். கையெழுத்தான பிறகும் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 30க்குள், சொத்து மதிப்பைக் கணக்கிடும் மதிப்பீட்டு ஆபீசில் விண்ணப்பம் போட வேண்டும். மறந்தால் அந்த வருஷச் சலுகை போகும். சிட்டியே போட்டுவிடும் என்று நம்பி ஒருவர் கட்டிய தொகையைச் சொன்னால் மனசு கேட்காது.

மாவுக்காரர் இப்போது இரண்டாவது ஷெட் போடுகிறார், புது கிரைண்டர்களோடு. அட்வான்ஸ் கட்டலாமா என்று நேற்று கேட்டார். கமிஷனர்ஸ் கோர்ட் அஜெண்டாவில் உங்கள் பெயர் வந்திருக்கா என்று திருப்பிக் கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.