இன்சுலின் எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

ஆய்வகத்தில் செல் வளர்ப்பவர்களுக்கு இன்சுலின் மருந்தல்ல, தீனி. சீரம் சேர்க்காத வளர்ப்புக் கரைசல்களில் டிரான்ஸ்ஃபெரின், செலினியம் ஆகியவற்றோடு இன்சுலினையும் கலப்பது வழக்கம். அது இல்லாவிட்டால் பல வகைச் செல்கள் சரியாகப் பெருகுவதில்லை. சர்க்கரையைக் குறைப்பது மட்டுமே அதன் வேலை என்று நினைத்திருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். ஆனால், ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் இன்சுலினும் அமைப்பில் நெருங்கிய உறவு. செல்லின் மேற்பரப்பில் இவை போய் ஒட்டும் ஏற்பிகளும் அப்படியே. ஒன்றின் ஏற்பியில் மற்றதும் ஒட்டும், பிடிப்புதான் பலவீனமாக இருக்கும்.

இன்சுலின் ஏற்பியில் ஒட்டியதும் செல்லுக்குள் இரண்டு வழிகளில் செய்தி போகிறது. ஒரு வழி ஏகேடி என்ற நொதி வழியாகச் சென்று, குளுக்கோஸை உள்ளே இழுக்கச் செய்கிறது. மற்றொன்று ராஸ், மேப் கைனேஸ் ஆகிய புரதங்கள் வழியாக உட்கருவை எட்டி, செல்லைப் பிளவுக்குத் தயார் செய்கிறது. இரண்டும் ஒரே ஏற்பியில் தொடங்குவதால், மூலக்கூறில் நாம் செய்யும் சிறு மாற்றம் எந்த வழியைத் தூண்டிவிடும் என்பதை முன்கூட்டியே சொல்வது கடினம்.

இதற்குச் சரியான சாட்சி எக்ஸ்10 என்ற, மாற்றியமைக்கப்பட்ட இன்சுலின். மனித இன்சுலினில் மொத்தம் 51 அமினோ அமிலங்கள். ஏ சங்கிலியில் 21, பி சங்கிலியில் 30. பி சங்கிலியின் 10-வது இடத்தில் இருக்கும் ஹிஸ்டிடின்தான் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு இன்சுலின்களை ஒரே கொத்தாகச் சேர்க்கிறது. கொத்து பிரிந்தால்தான் மருந்து ரத்தத்தில் கலக்கும். டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம், அந்த ஹிஸ்டிடினை எடுத்துவிட்டு அஸ்பார்டிக் அமிலத்தை வைத்துப் பார்த்தது. கொத்து உருவாகவில்லை, ஊசி போட்டதும் மருந்து வேகமாகக் கலந்தது. நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அதிக அளவில் நீண்ட காலம் கொடுக்கப்பட்ட பெண் எலிகளுக்கு மார்புக் கட்டிகள் வந்தன. எக்ஸ்10 மருந்தாக வரவேயில்லை.

காரணம் என்ன? ஐஜிஎஃப்-1 ஏற்பியில் எக்ஸ்10 சாதாரண இன்சுலினைவிட இறுக்கமாக ஒட்டுகிறது என்பது ஒரு விளக்கம். எனக்கு இன்னொன்றுதான் சுவையாகப் படுகிறது: இன்சுலினின் சொந்த ஏற்பியிலிருந்தே அது விலக நேரமெடுக்கிறது. காலிங் பெல்லை ஒருமுறை அழுத்திவிட்டு விரலை எடுப்பது வேறு, எடுக்காமல் அழுத்திக்கொண்டே நிற்பது வேறு. குளுக்கோஸ் கதவு சில நிமிடங்களில் திறந்துவிடும். செல் பிளவுக்குத் தயாராகப் பல மணி நேரம் வேண்டும். விலகாத இன்சுலின் அந்த அவகாசத்தைக் கொடுத்துவிடுகிறது.

இந்த அனுபவம் இருந்ததால்தான் கிளார்ஜின் மீது சந்தேகம் எழுந்தது. நாள் முழுக்க வேலை செய்யும் இந்த இன்சுலினில் ஏ சங்கிலியின் கடைசியில் கிளைசின் வைத்து, பி சங்கிலியின் நுனியில் இரண்டு ஆர்ஜினின்களை ஒட்டியிருப்பார்கள். அமிலக் கரைசலாக உள்ளே போகும் மருந்து, தோலுக்கடியில் நுண்துகள்களாகப் படிந்து, சிறிது சிறிதாகக் கரைகிறது. எலும்புப் புற்றுச் செல்களில் சோதித்தபோது, செல் பெருக்கத்தைத் தூண்டும் அதன் திறன் மனித இன்சுலினைவிடப் பல மடங்கு இருந்தது. 2009-இல் வெளிவந்த ஒரு ஜெர்மானிய ஆய்வு பெரும் பீதியைக் கிளப்பியது. அதன் எண்களைக் கவனித்தால் ஒரு வேடிக்கை: மனித இன்சுலின் போட்டவர்களைவிடக் கிளார்ஜின் போட்டவர்களிடம் புற்றுநோய் நேரடிக் கணக்கில் குறைவாகத்தான் இருந்தது. யார் எவ்வளவு மருந்து போட்டார்கள் என்ற வேறுபாட்டைக் கணக்கில் சரிக்கட்டிய பிறகே கூடுதலாகத் தெரிந்தது. சரிக்கட்டும் முறையே முடிவைத் தலைகீழாக்கும்போது, அந்த முடிவை நம்பி ஊசியை நிறுத்தச் சொல்வது சரியல்ல.

சோதனைக் குழாயில் இருந்த கிளார்ஜின் ரத்தத்தில் அப்படியே இருப்பதும் இல்லை. உடலின் நொதிகள் அந்த இரண்டு ஆர்ஜினின்களையும் நறுக்கிவிடுகின்றன. ஊசி போட்டவரின் ரத்தத்தில் பெரும்பாலும் சுற்றுவது எம்1 என்ற மிச்சம்தான். அதன் வளர்ச்சித் தூண்டல் மனித இன்சுலினைத் தாண்டுவதில்லை. 12,537 பேரைச் சராசரியாக ஆறு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆரிஜின் ஆய்வு 2012-இல் வெளியானபோது, கிளார்ஜின் போட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் புற்றுநோய் விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை.