பில் பணம் வங்கிக்குப் போய்ச் சேரும் வழி

கணக்கு மென்பொருளில் 'வங்கி' என்று ஒரு கணக்கைத் திறந்ததும், பணமே அதற்குள் இருப்பதாகப் பலருக்கும் ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. அது பேரேட்டில் ஒரு பக்கம், அவ்வளவுதான். பணம் வங்கியில் கிடக்கிறது. அது வந்ததாக நாம் எழுதிவைப்பது மென்பொருளில் கிடக்கிறது. இரண்டும் ஒரே நாளில், ஒரே தொகையில் நகர்வதில்லை.

அதற்கு முன் ஒரு பழைய குழப்பம். வாடிக்கையாளர் பில்லைக் கட்டினால் நம் ஏட்டில் வங்கிக் கணக்கில் பற்று (டெபிட்), வாடிக்கையாளர் கணக்கில் வரவு (கிரெடிட்). வங்கியின் ஸ்டேட்மெண்டைப் பார்த்தால் அதே பணம் வரவு என்று இருக்கும். இரண்டுமே சரி. நம் பணம் வங்கி நமக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் என்பதால் அது தன் பக்கத்திலிருந்து எழுதுகிறது. 1494-இல் வெனிஸில் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி அச்சில் விளக்கிய, ஒவ்வொன்றையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும் இரட்டைப் பதிவு முறைதான் இன்றைய மென்பொருளுக்குள்ளும் ஓடுகிறது.

சரி, சிக்கலுக்கு வருவோம். ஒரே நாளில் மூன்று பேர் கார்டில் 400, 350, 250 கட்டுகிறார்கள். கார்டு சேவை நிறுவனம் இரண்டு நாள் கழித்து, தன் கட்டணம் 20-ஐப் பிடித்துக்கொண்டு 980-ஐ ஒரே தொகையாக அனுப்புகிறது. ரசீதுகளை நேரே வங்கிக் கணக்கில் பதிந்திருந்தால் ஏட்டில் மூன்று வரி, ஸ்டேட்மெண்டில் ஒரு வரி. கூட்டிப் பார்த்தாலும் 20 இடிக்கும். அதனால்தான் நடுவில் ஒரு கிளியரிங் கணக்கு. மூன்று ரசீதும் முதலில் அதில் சேரும். பணம் வந்த அன்று அதிலிருந்து 980 வங்கிக்கும் 20 கட்டணச் செலவுக்கும் போகும். மிச்சம் பூஜ்ஜியம். நாள் கடந்தும் பூஜ்ஜியமாகவில்லை என்றால் ஏதோ ஒரு பணம் வழியில் நிற்கிறது என்று அர்த்தம். கார்டுக்கு ஒன்று, காசோலைக்கு ஒன்று, ரொக்கத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக வைத்தால் எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். என்னைக் கேட்டால், வங்கிக் கணக்கைவிட இதைத்தான் கவனமாக அமைக்க வேண்டும்.

நேரடிப் பரிமாற்றத்தில் வேறொரு கேள்வி: கட்டியது யார்? தொகையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்காகவே பில்லில் அச்சிட்டு, கட்டுபவர் பணத்தோடு அனுப்பும் குறிப்பு எண்ணுக்கு ஐஎஸ்ஓ 11649 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. 'ஆர்எஃப்' எழுத்துகளுக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்கள் சரிபார்ப்புக்கானவை. எழுத்துகளை எண்ணாக மாற்றி, 'ஆர்எஃப்'-உம் அந்த இரண்டு இலக்கங்களும் சேர்ந்த முன்பகுதியைக் கடைசிக்கு நகர்த்தி 97-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 97 பகா எண் என்பதால் ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் மீதி மாறிவிடும். சில வங்கிகள் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனி மெய்நிகர் கணக்கு எண் தருகின்றன. பணம் சேர்வது ஒரே கணக்கில்தான், ஆனால் எண்ணே ஆளைக் காட்டிவிடும்.

அப்புறம், ஸ்டேட்மெண்டை மென்பொருளில் ஏற்றும்போது நடக்கும் தப்பு ஒன்று. வந்த தொகையைப் பார்த்ததும், அதை உரிய பில்லோடு பொருத்தாமல், கை தானாக 'வருமானம்' என்பதை அழுத்தும். பில் போட்ட அன்றே அந்த விற்பனை வருமானமாகப் பதிவாகிவிட்டது. இப்போது அது இரண்டு மடங்காகும். பில்லோ கட்டாததாகவே நிற்கும், பணம் கட்டியவருக்கு நினைவூட்டல் கடிதமும் போகும்.